நைட்ரஜனாக முப்பத்தொன்று

2023 அக்டோபர் 17, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். எங்கள் மலையூர் கட்டபெட்டில் மூட்டம். சமையலறைச் சன்னலுக்கு வெளியே நான் மாட்டியிருக்கும் வெப்பமானி பதினைந்து டிகிரி காட்டியது. மழை இல்லை, ஆனாலும் கொடியில் கிடந்த துணிகள் முந்தைய நாளைவிட ஈரமாக இருந்தன. அந்த நேரத்தில்தான் எங்கள் ஊற்றுத் தண்ணீரைப் பற்றிய அறிக்கை, கோயம்புத்தூரில் உள்ள ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து என் கைப்பேசிக்கு வந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். பதினொரு மணிக்குள் நான்கு பேரிடம் பேசி முடித்துவிட்டேன். அந்த இருபது நிமிடம் நான் சும்மா இருந்திருக்கலாம்.

எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. மேலே தேயிலை, கீழேயும் தேயிலை. கடை வைப்பதற்காக மலையேறிய என் அப்பா கட்டிய வீடு. ஊராட்சிக் குழாயில் நான்கு நாளுக்கோ ஐந்து நாளுக்கோ ஒருமுறைதான் தண்ணீர் வரும். குடிக்கவும் சமைக்கவும் எங்களுக்கும் பக்கத்து இரண்டு வீடுகளுக்கும் மேலே பாறை இடுக்கில் கசியும் ஊற்றுதான். அங்கிருந்து குழாய் போட்டுத் தொட்டிக்குக் கொண்டு வந்திருக்கிறோம். மழைக்காலத்தில் ஒரு குடம் நிறைய ஒன்றேகால் நிமிடம், கோடையில் நான்கு நிமிடம். மாதத்துக்கு ஒருமுறை நான் அளந்து பார்ப்பேன். யாரும் கேட்டதில்லை. அளக்காமல் என்னால் இருக்க முடியாது.

அறிக்கை எதற்கு என்று சொல்ல வேண்டும். எங்களுக்கு ஒரே மகள். கோயம்புத்தூரில் கணிப்பொறி நிறுவனத்தில் வேலை, கல்யாணம் செய்துகொடுத்ததும் அங்கேதான். ஆறு வருடம் கழித்து அப்போதுதான் உண்டாகியிருந்தாள். முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் வழக்கம். குழந்தை பிறந்து மூன்று மாதமோ ஐந்து மாதமோ தாயும் பிள்ளையும் இங்கே இருந்துவிட்டுப் போவார்கள். என் மனைவி அந்த ஐந்து மாதத்துக்காகத்தான் ஆறு வருடமும் காத்திருந்தாள். பழைய வேட்டிகளைத் துவைத்துத் துவைத்துப் பஞ்சாக்கி மடித்து வைத்தாள். வெயில் விழுகிற அறையைக் காலி செய்து, சன்னல் இடுக்கெல்லாம் காகிதம் ஒட்டி, தொட்டில் கயிற்றுக்கு உத்தரத்தில் கொக்கி போட ஆளை வரவழைத்தாள். கொக்கி தாங்குமா என்று நான் ஒரு மூட்டை அரிசியைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன். தாங்கியது.

சம்பந்தி வீட்டில் கொஞ்சம் தயக்கம் இருந்தது. தை மாதக் குளிரில் பச்சைக் குழந்தையை மலையில் எப்படி வைத்திருப்பது என்று சம்பந்தியம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். வெந்நீர், கணப்பு, ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிடம் என்று எல்லாவற்றுக்கும் நான் பதில் சொல்லி, ஒருவழியாகச் சம்மதித்தார்கள். கடைசியாக மாப்பிள்ளைதான் சொன்னார்: “மாமா, அந்த ஊத்துத் தண்ணிய மட்டும் ஒருக்கா டெஸ்ட் பண்ணிருங்க. உங்களுக்குத் தெரியாததா.”

எனக்கு அது பெருமையாக இருந்தது. சமவெளியில் ஒரு நகரத்தின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில், ஆய்வுக்கூடத்தில், இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்தவன் நான்; மனைவியும் மகளும் இங்கேயே இருந்தார்கள், நான் விடுமுறைக்கு வந்துபோவேன். மாதிரி எடுக்கும் புட்டியை மூன்று முறை அதே தண்ணீரில் அலசி, விளிம்புவரை நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து, ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய் கட்டி அனுப்பினேன்.

வந்த அறிக்கையில் பதினாறு வரிகள். கடினத்தன்மை 32 என்று போட்டு, பக்கத்தில் ‘கால்சியம் கார்பனேட்டாக’ என்று இருந்தது. காரத்தன்மை 26, அதுவும் கால்சியம் கார்பனேட்டாக. பன்னிரண்டாவது வரியில் நைட்ரேட் 31, அனுமதிக்கப்பட்ட அளவு 45. இந்த முப்பத்தொன்று எந்தப் பொருளின் எடை என்பதைமட்டும் எழுதவில்லை.

இதைக் கொஞ்சம் விளக்காவிட்டால் என் புத்தி எங்கே போயிற்று என்பது யாருக்கும் புரியாது. தண்ணீரில் கால்சியமும் இருக்கும், மக்னீசியமும் இருக்கும். இரண்டும்தான் சோப்பை நுரைக்க விடாமல், பருப்பை வேக விடாமல் செய்பவை. எங்கள் தண்ணீரில் கால்சியம் எட்டு மில்லிகிராம், மக்னீசியம் மூன்று மில்லிகிராம். இரண்டையும் கூட்டிப் பதினொன்று என்று சொன்னால் அந்தப் பதினொன்றுக்கு ஓர் அர்த்தமும் கிடையாது. எடையில் சிறிய மக்னீசியம் வேலையில் பெரியது. அதனால் கால்சியத்தை இரண்டரையாலும் மக்னீசியத்தை நாலே சொச்சத்தாலும் பெருக்குவோம். இரண்டும் கால்சியம் கார்பனேட்டின் எடைக்கு மாறிவிடும். இருபதும் பன்னிரண்டும் முப்பத்திரண்டு. இனிமேல் கூட்டலாம், இன்னோர் ஊர்த் தண்ணீரோடு ஒப்பிடலாம். தண்ணீரில் அவ்வளவு கால்சியம் கார்பனேட் கரைந்திருக்கிறது என்று பொருள் இல்லை. பல நாட்டுப் பணத்தை ரூபாயாக மாற்றி எண்ணுவதுபோல ஒரு வசதி, அவ்வளவுதான்.

நைட்ரஜனுக்கும் இதேபோல ஒன்று உண்டு. சாக்கடையோ உரமோ கலந்த தண்ணீரில் நைட்ரஜன் முதலில் அம்மோனியாவாக இருக்கும், பிறகு நைட்ரைட், கடைசியில் நைட்ரேட். மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமானால் மூன்றையும் நைட்ரஜனின் எடையாக எழுத வேண்டும். நான் வேலை பார்த்த இடத்தில் தலைமை வேதியியலர் இதில் மகா பிடிவாதக்காரர். நைட்ரேட் என்றால் நைட்ரஜனாகத்தான் எழுத வேண்டும். இருபத்தொன்பது வருடம் அப்படித்தான் எழுதினேன். ஆனால் விதியில் இருக்கும் 45 என்பது நைட்ரேட்டின் முழு எடை. நைட்ரஜன் பதினான்கு என்றால் நைட்ரேட் அறுபத்திரண்டு, 4.43 மடங்கு. நைட்ரஜனாக எழுதிய எண்ணை அப்படியே 45-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ‘குடிக்கத் தகுந்தது’ என்று கையெழுத்துப் போட்ட ஆறு பேரை என் காலத்தில் பார்த்திருக்கிறேன். ஆறு பேரையும் பிடித்தவன் நான்தான். ஓய்வுபெற்று இத்தனை வருடமாகியும் அந்தப் பெருமை என்னை விட்டுப் போகவில்லை.

ஆக, ஏழாவது ஆளையும் பிடித்துவிட்டதாக நினைத்தேன். 31-ஐ 4.43-ஆல் பெருக்கினேன். நூற்று முப்பத்தேழு புள்ளி மூன்று மூன்று.

மனைவி சமையலறையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். பிரசவ லேகியத்துக்கு என்று சேர்த்து வைத்த மலைப்பூண்டு.

“ஏனுங்க, மூஞ்சி இப்படிப் போச்சு? ரிசல்ட்டு வந்துருச்சுங்களா?”

“வந்துருச்சு. சரியில்ல.”

கையைத் துடைத்துவிட்டுக் கைப்பேசியை வாங்கி, தள்ளிப் பிடித்துப் படித்தாள். “இதுல நாப்பத்தஞ்சு வரைக்கும் இருக்கலாம்னு போட்டிருக்குது. நமக்கு முப்பத்தொண்ணு. அப்பறம் என்னங்க?”

“அது வேற கணக்கு, இது வேற கணக்கு.”

“ஒரே வரியிலதானுங்க போட்டிருக்குது?”

நான் பொறுமையாகச் சொன்னதாகத்தான் நினைவு. “இங்க பாரு. மேல் தோட்டத்துக்காரரு நூறு கிலோ பச்ச இல குடுத்தா, பேக்டரியில எத்தன கிலோ தூளு வரும்?”

“இருவத்திரண்டு, இருவத்திமூணு கிலோ வரும்.”

“ஆச்சா? இப்ப ஒரு சீட்டுல வெறுமனே முப்பத்தொரு கிலோன்னு எழுதியிருக்குது. இலையா, தூளான்னு எழுதல. தூளுன்னா, அதுக்குப் பின்னாடி நூத்தி முப்பத்தேழு கிலோ இல இருக்குது. அந்த நாப்பத்தஞ்சு இலைக் கணக்கு. இந்த முப்பத்தொண்ணு தூள் கணக்கு.”

அவள் ஒரு பல்லை உரித்து முடித்தாள். “அது தூளுன்னு உங்களுக்கு ஆரு சொன்னாங்க?”

“எனக்குத் தெரியும்.”

“ஒரு போனப் போட்டுக் கேட்டுப் பாருங்களே.”

“எனக்குத் தெரியும்னு சொல்றேன்ல.”

“பூண்டுப் பல்லக்கூட ரெண்டு தடவ எண்ணற மனுசன், இத ஒரு தடவ கேக்க மாட்டீங்களாக்கும்.”

அறிக்கையின் அடியில் ஆய்வுக்கூடத்தின் எண் இருந்தது. பத்து இலக்கம். நான் அழுத்தவில்லை. எந்தப் பொருளின் எடை என்று எழுதத் தெரியாதவர்களிடம் கேட்டு என்ன பயன் என்று தோன்றியது. அதோடு பயமும் இருந்தது, அதையும் மறைக்கவில்லை. நைட்ரேட் மிகுந்த தண்ணீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்காது, உதடும் நகமும் நீலம் பாரித்துவிடும். நான் அப்படி ஒரு குழந்தையை நேரில் கண்டதில்லை, படித்திருக்கிறேன். படித்ததையெல்லாம் நேரில் கண்டதுபோல நினைத்துக்கொள்ளும் சுபாவம் எனக்கு. மாப்பிள்ளையை அழைத்துவிட்டேன்.

மாப்பிள்ளை நிதானமானவர். “அப்படின்னா குடிக்கிறதுக்குக் கேன் தண்ணி வாங்கிக்கலாம் மாமா,” என்றார். அவரோடு முடித்திருந்தால் எல்லாம் நல்லபடியாகப் போயிருக்கும். நான்தான் விடவில்லை. காய்ச்சினால் போகாது, வற்ற வற்றக் கூடத்தான் செய்யும்; யாராவது மறந்துபோய் ஒரு டம்ளர் ஊற்றிவிட்டால் என்ன செய்வது; இரவில் கேன் தீர்ந்துபோனால் என்ன செய்வது என்று அடுக்கிக்கொண்டே போனேன். பேச்சைப் பக்கத்திலிருந்து கேட்ட சம்பந்தியம்மா கைப்பேசியை வாங்கிக்கொண்டார்.

“ஏனுங்க சம்பந்தி, நூத்தி முப்பத்தேழுன்னா ரொம்ப ஜாஸ்திங்களா?”

“மூணு மடங்குங்க.”

“அடேயப்பா. நாங்க குளிரத்தான் பயந்துட்டு இருந்தோம்.” பக்கத்தில் மகனிடம் ஏதோ கேட்டார். பிறகு, “நீங்க தண்ணி ஆபீஸ்லயே இருந்தவிங்க. நீங்களே ஆகாதுன்னு சொல்றப்ப, நாங்க எந்த தைரியத்துல அனுப்பறதுங்க? புள்ள இங்கயே இருக்கட்டும். உங்க ஊட்டுக்காரம்மா எப்ப வேணும்னாலும் வந்து பாக்கட்டும், ஆரு வேண்டாங்கறா?”

அவர் குரலில் வெற்றியெல்லாம் இல்லை. உண்மையாகவே பயந்துவிட்டார். என் வாயால் சொன்னதை என்னாலேயே திருப்பி வாங்க முடியவில்லை. பின்னால் மனைவி நின்றுகொண்டிருந்தாள். “கேன் தண்ணியே ஊத்திக்கலாம்னு சொல்லுங்க. நான் பாத்துக்கறேன்னு சொல்லுங்க,” என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் கையைக் காட்டி அடக்கினேன்.

அதே வேகத்தில் மேல் தோட்டத்துக்காரரிடம் போனேன். இந்த மலையின் படகர் இனத்தவர், அறுபது வயதுக்காரர், ஊற்றுக்கு மேலே முக்கால் ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர். வேலிப் பக்கம் நின்று கவாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

“உங்க யூரியா எல்லாம் எங்க தண்ணியிலதான் இருக்குதுங்க,” என்றேன்.

கணக்கைச் சொன்னதும் கத்தியைக் கீழே வைத்தார். “ஏன் சார், என் இலைக்குப் பேக்டரியில ஈரம், காம்புன்னு நூறு கிலோவுக்கு அஞ்சு கிலோ கழிக்கிறாங்க. நீங்க என் யூரியாவுக்கு நாலரை மடங்கு சேத்துப் போடறீங்க. இந்தத் தராசையெல்லாம் எங்க சார் செய்யறாங்க?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “பச்சைக் குழந்தை விஷயம்,” என்றேன். அவரும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ கட்டுச்சோறு விருந்து நடக்கும். பெண்வீட்டார் ஐந்து வகைச் சோறு கட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, பெண்ணை அழைத்துக்கொண்டு வருவது. நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை போனோம். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, எள்ளுச் சோறு, தயிர்ச்சோறு. என் மனைவி விடிவதற்குள் எழுந்து தனியாகவே கட்டினாள். வாடகைக் காரில் பாத்திரங்களை ஏற்றியபோது பின்னிருக்கையில் ஒரு தலையணை இருப்பதைப் பார்த்தேன். வளைவுகளில் கர்ப்பிணிக்கு முதுகுக்குக் கொடுப்பதற்கு என்று அவள் தைத்து வைத்திருந்தது.

“இது எதுக்கு?” என்று கேட்டேன்.

“கைக்கு வந்துச்சு, எடுத்துட்டு வந்துட்டனுங்க.”

விருந்து நன்றாகத்தான் நடந்தது. மகளுக்குக் கை நிறைய வளையல் போட்டார்கள். பந்தியில் உட்கார்ந்திருந்த வயதான உறவுக்காரப் பெண் ஒருவர், “எத்தன மணிக்குங்க கெளம்பறீங்க? பொண்ண வெளக்கு வெக்கறதுக்குள்ள ஊடு கொண்டுபோய்ச் சேத்தோணும்ல?” என்று என் மனைவியைக் கேட்டார். மனைவி பரிமாறிய கரண்டியோடு நின்றாள். சம்பந்தியம்மாதான் அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு பதில் சொன்னார்.

“பொண்ணு இங்கயேதானுங்க இருக்குது. அவிங்க ஊட்டுத் தண்ணி சேராதுங்க.”

பந்தியில் எல்லோருக்கும் கேட்டது. அப்படியா, அப்படியா என்று இலைக்கு இலை விசாரித்தார்கள். நாற்பது வருடம் அந்தத் தண்ணீரில் சமைத்து, அதே தண்ணீரில் அந்தப் பெண்ணை வளர்த்தவள், எலுமிச்சைச் சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். திரும்பும்போது மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறும்வரை தலையணையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஜனவரி இரண்டாவது வாரம் பேத்தி பிறந்தாள். மனைவி போய்ப் பதினோரு நாள் இருந்தாள். பெண் கொடுத்த வீட்டில் அதற்குமேல் தங்குவது எங்களில் அழகில்லை. அங்கே அவள் விருந்தாளி. குழந்தைக்கு எண்ணெய் தேய்க்க அவர்கள் வழக்கமாக அழைக்கும் பெண் வருவார்; மருந்து உரசிக் கொடுப்பது சம்பந்தியம்மா; என் மனைவிக்குக் குழந்தையை வாங்கி வைத்துக்கொள்ளும் வேலைதான். திரும்பி வந்ததும் தொட்டில் அறையில் உருளைக்கிழங்கு மூட்டையை வைத்தாள்.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றால், தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்தேன். அக்டோபரிலிருந்தே எங்கள் இருவருக்கும் கேன் தண்ணீர்தான். ஜனவரி இறுதியில் பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு சுத்திகரிப்புக் கருவி வாங்கி மாட்டினேன், குழந்தை எப்போதாவது வருமே என்று. கருவி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டாமா? பிப்ரவரியில் குழந்தைக்குப் பெயர் வைக்கப் போனபோது, ஊற்றுத் தண்ணீர் ஒரு புட்டியும் கருவியில் வந்த தண்ணீர் ஒரு புட்டியும் எடுத்துக்கொண்டு நானே அந்த ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். முன்னால் மேசையில் இருந்தது ஓர் இளம் வேதியியலர், என் மகள் வயது. புட்டிகளைக் கொடுத்துவிட்டு, பழைய அறிக்கையை எடுத்துக் காட்டினேன். திருத்துவதற்காகத்தான்.

“அம்மணி, நைட்ரேட்டுன்னு போடறப்போ நைட்ரஜனா குடுத்திருக்கோம்னு பக்கத்துல எழுதணும். இல்லன்னா பாக்கறவங்க நாப்பத்தஞ்சோட ஒப்பிட்டுட்டு ஏமாந்துருவாங்க.”

“நைட்ரஜனா குடுக்கலையே சார். நைட்ரேட்டாவேதான் குடுத்திருக்கோம்.”

“முப்பத்தொண்ணா?”

“ஆமா சார். லிமிட் நைட்ரேட்டா இருக்கு, ரிசல்ட்டும் நைட்ரேட்டா இருந்தாத்தானே பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்க முடியும்? நைட்ரஜனா வேணும்னா நாலு புள்ளி நாலு மூணால வகுத்துக்குங்க.”

வகுத்தேன். ஏழு. வகுத்த கையோடு சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண் எழுந்து வந்து, “சார், சுகர் இருக்கா? டீ சொல்லட்டுமா?” என்று கேட்டது. வேண்டாம் என்றேன். பெருக்க வேண்டிய இடத்தில் பெருக்காமல் விட்ட ஆறு பேரை எனக்கு நன்றாக நினைவிருந்தது. பெருக்கி முடித்ததை மறுபடியும் பெருக்கியவனை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. சில வரிகளைமட்டும் பார்ப்பதால், அந்த இரண்டு புட்டிகளுக்கும் சேர்த்துக் கட்டணம் ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது. கட்டிவிட்டு வெளியே வந்தேன். வெயில் தாங்கவில்லை.

மனைவியிடம் அன்று சொல்லவில்லை. பெயர் வைக்கும் வீட்டில் எப்படிச் சொல்வது? கட்டபெட்டுக்குத் திரும்பி, மறுநாள் மத்தியானம் சாப்பிட்டு முடித்த பிறகு சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை.

“அந்த முப்பத்தொண்ணு இலைக் கணக்குதான்.”

புரிந்துகொண்டாள். “அப்ப நல்ல தண்ணிதானுங்களா?”

“நல்ல தண்ணிதான். நாப்பத்தஞ்சுக்குள்ளதான்.”

“எப்பவுமேவா?”

“எப்பவுமே.”

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். “அந்தப் புள்ளைக்கு நான் தலைக்கு ஊத்தினது ரெண்டே தடவைங்க,” என்றாள். அவள் எதையும் எண்ணிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்முறை.

மேல் தோட்டத்துக்காரரிடமும் போய்ச் சொன்னேன். “இத்தன வருசமா பேக்டரிக்காரன்தான் எங்கள ஏமாத்தறான்னு நெனச்சிட்டு இருந்தேன் சார்,” என்று வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, நான் அன்று பேசிப்போனதிலிருந்து ஊற்றுக்கு மேலே உள்ள நான்கு வரிசைக்கு உரமே போடவில்லை என்றும், அங்கே இந்தத் தடவை கொழுந்து பாதிதான் என்றும் சொன்னார். பச்சைக் குழந்தை விஷயம் என்று நான் சொல்லியிருந்தேன் அல்லவா?

உடனே சம்பந்தியம்மாவை அழைத்து, கணக்கு என்னுடைய தப்பு, இப்போதாவது இரண்டு மாதம் அனுப்புங்கள் என்று கெஞ்சினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “குளிர் போகட்டுமுங்க,” என்றார். குளிர் போனதும், “தடுப்பூசி எல்லாம் இங்க போடறமுங்க,” என்றார். சித்திரையில், “இனி என்னத்துக்குங்க சம்பந்தி, புள்ளைக்கு இந்தத் தண்ணி பழகிருச்சு. மாத்துனா ஒத்துக்காது,” என்றார். தண்ணீரைப் பற்றிப் பயப்பட அவருக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். பயப்படாதீர்கள் என்று சொல்ல என்னிடம் வேறு எண் இல்லை.

மே மாதம் இரண்டு இரவுக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மனைவி தொட்டில் அறையைக் காலி செய்து வைத்திருந்தாள். நான்கு மாதக் குழந்தைக்கு இடம் புதிது என்பது தெரிந்துவிட்டது. இவள் தூக்கினால் வீறிட்டு அழுதது; சம்பந்தியம்மாவின் புடவையைக் கண்டால்தான் நிறுத்தியது. “மொகம் பழகலீங்க, அவ்வளவுதான்,” என்று அவரே சமாதானம் சொன்னார். மாப்பிள்ளை என்னை வம்புக்கு இழுப்பதற்காக, “இவருதான் உன் தண்ணி அப்பிச்சி,” என்று குழந்தையின் கையை ஆட்டிக் காட்டினார். அம்மாவைப் பெற்ற தாத்தாவை எங்கள் பக்கம் அப்பிச்சி என்பார்கள். மகள், “சும்மா இருங்க,” என்று அவரை அதட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். “விடுங்கப்பா, ஆனது ஆச்சு,” என்றாள். கார் கிளம்பிப் போன பிறகு மனைவி வாசலிலேயே நின்றாள்.

“ஜூன்ல பாப்பா மறுபடியும் வேலைக்குப் போறா. சம்பந்தியம்மாவுக்கு முட்டி வலி, தனியாப் பாக்க முடியாது. நான் கீழ போயிடறனுங்க.”

“எத்தனை நாளைக்கு?”

“நாளுக் கணக்கெல்லாம் இல்லீங்க.”

“அவங்க ஊட்டுலயா?”

“அங்க எதுக்குங்க? அடுத்த வீதியில ஒரு ரூம்பு பாத்துக் குடுங்க. எனக்கு அது போதும்.”

நீங்களும் வருகிறீர்களா என்று அவள் கேட்கவில்லை. ஓய்வுபெற்ற பிறகு வெக்கை எனக்கு ஆவதில்லை, மூச்சு இழுக்கும், அது அவளுக்குத் தெரியும். அதனால் கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். நானும் வருகிறேன் என்று சொல்லவில்லை. ஓர் அறையும் சமையலுக்கு ஓர் ஒதுக்கமும் உள்ள இடம் பார்த்தேன், மாதம் ஏழாயிரத்து ஐந்நூறு. இரண்டு பெட்டி, ஒரு ஸ்டவ், மடித்து வைத்திருந்த பழைய வேட்டிகள், இவ்வளவுதான் எடுத்துக்கொண்டு போனாள்.

குழந்தைக்கு இப்போது இரண்டு வயது ஆகப்போகிறது. மாதத்தில் நான்கு நாள் நான் பேருந்தில் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். மனைவியின் இடுப்பை விட்டு இறங்காது, அவள் ஊட்டினால்தான் சாப்பிடும். நான் போனால் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். மனைவி சிரித்தபடி, “அப்பிச்சிடா சாமி, பயப்படாத,” என்பாள். சாயங்காலம் நான் கிளம்பும்போது தொட்டியைக் கழுவினீர்களா, கேஸ் தீர்ந்துவிட்டதா என்று விசாரிப்பாள். எப்போது வருகிறாய் என்று இரண்டு முறை கேட்டேன். பள்ளிக்கூடத்தில் சேர்க்கட்டும் என்றாள்.

இங்கே ஊற்று நன்றாக ஓடுகிறது. தோட்டத்துக்காரரும் உரத்தைப் பழையபடி போட ஆரம்பித்துவிட்டார். ஒரு ஆளுக்கு ஒரு குடம் இரண்டு நாளைக்கு வருகிறது.

அந்த அறிக்கையால் ஆன செலவை எழுதிப் பார்த்தேன். இரண்டு பரிசோதனை மூவாயிரத்து எழுநூறு. கேன்கள் முப்பது, ஆயிரத்து எண்ணூறு. கருவி பதினெட்டாயிரத்து ஐந்நூறு. அந்த வருடம் கோயம்புத்தூருக்கு வாடகைக் கார் நான்கு நடை, பதினான்காயிரத்து நானூறு. கீழே உள்ள அறைக்கு இந்த டிசம்பரோடு பத்தொன்பது மாத வாடகை, ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரத்து ஐந்நூறு. முன்பணம் திரும்பி வரும் என்பதால் சேர்க்கவில்லை; பேருந்துக் கட்டணத்தையும் சேர்க்கவில்லை. மொத்தம் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய்.